வரைபடம் வருமுன் மண் வந்துவிடுகிறது: திருகோணமலை மாவட்ட விவசாயக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கும், மாவட்ட விவசாயக் குழுவில் அமர்கின்ற கமநல, நீர்ப்பாசன, சுற்றாடல், வன, வனசீவராசிகள் உத்தியோகத்தர்களுக்கும், நம் கமக்காரர் அமைப்புகளின் தலைவர், செயலாளர்மாருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன்.

நான் மூதூர்ப் பக்கம் வெள்ளாமை செய்கிறவன். அல்லை நீர்ப்பாசனத் திட்டத்துத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கண்டத்தில், அதாவது வயல் பிரிவில், எங்களுக்கு ஐந்து ஏக்கர் காணி இருக்கிறது. அதில் மூன்றரை ஏக்கர் வயல். மிச்சம் ஒன்றரை ஏக்கர் பள்ளம். அந்த ஒன்றரை ஏக்கரைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் கூட்டங்களில் நெல் விலை, பசளை, யானை வேலி, வாய்க்கால் துப்புரவு எல்லாம் பேசப்படுகின்றன. பள்ளம் பேசப்பட்டு நான் கேட்டதில்லை.

பள்ளம் என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத இளம் உத்தியோகத்தர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் நிறையும். மாசி வரை இடுப்பளவு தண்ணீர் நிற்கும். சித்திரையில் முழங்காலுக்கு இறங்கும். ஆவணியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஓரத்தில் பன், சம்பு என்ற நீர்ப்புற்களும், நடுவில் தாமரையும் ஒல்லி என்ற அல்லியும். மகாவலி கங்கை பெருகும் வருடங்களில், ஆற்றோரத்து ஆழமற்ற நீர்நிலைகளான வில்லுகளின் தண்ணீரும் வந்து இதோடு கலந்துவிடும். எங்கள் ஒன்றரை ஏக்கர் தனியாக இல்லை. எட்டுப் பேருடைய காணிகளின் பின்பக்கம் சேர்ந்து ஏறக்குறைய 12 ஏக்கர் வரும். மேல் கண்டங்களின் வடிகால் எல்லாம் அதில்தான் விழுகிறது. அங்கே தங்கித்தான் களப்புப் பக்கம் போகிறது.

எங்கள் அப்பா அந்தப் பள்ளத்துக்குள் கலப்பை இறக்க விட்டதில்லை. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்திலும் விடவில்லையாம். அவர் சுற்றாடல் சட்டம் படித்தவர் அல்ல. வயலில் தேங்கும் தண்ணீருக்குப் போக ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தில் நெல்லை விதைத்தால் தண்ணீர் நெல்லுக்குள் வந்து இருக்கும் என்று சொல்வார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

நாலு வருடத்துக்கு முன்பு மேற்குப் பக்கத்துக் காணிக்காரர் தன் பங்கு இரண்டு ஏக்கரை நிரப்பினார். டிப்பர் டிப்பராகக் கிறவல் வந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. ஒன்றாக வயலில் நின்று களை பிடுங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். நம் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் செய்து வைக்க முடியுமா? ஊருக்குள் காணி விலை அவருக்கு எட்டவில்லை. பயிரும் வைக்காமல் சும்மா கிடக்கிறது என்று அவருக்குத் தோன்றிய நிலம் அந்தப் பள்ளம் ஒன்றுதான். அடுத்த வருடம் அவருக்குப் பக்கத்துக் காணிக்காரரும் ஒரு ஏக்கரை நிரப்பித் தென்னை வைத்தார்.

அதற்கு அடுத்த பெரும்போகத்தில் என் வயலில் தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. பயிர் குடலையில், அதாவது கதிர் வெளிவருமுன் உள்ள பருவத்தில், இருந்த நேரம். முன்பெல்லாம் அதே அளவு மழைக்கு மூன்று நாளில் வடிந்துவிடும். பெருவெள்ளம் வந்தால் எந்தப் பள்ளமும் தாங்காது என்பது எனக்குத் தெரியும். 2011 தை மாதத்திலும், 2025 கார்த்திகை முடிவில் டித்வா புயலோடு மகாவலி பெருகியபோதும் அதைக் கண்ணால் பார்த்தோம். நான் சொல்வது வருடா வருடம் வரும் சாதாரண மழையை. அந்த மழையைத்தான் பள்ளம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. சிறுபோகத்தில் இன்னொன்றும் நடந்தது. வாடிக்குப் பக்கத்துக் கிணற்றில் ஆனி மாதமே தண்ணீர் கீழே போய், உவர் தட்டத் தொடங்கியது. கடலுக்குக் கிட்ட இருக்கும் காணிகளில் நிலத்தடி நல்ல தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும் என்று பிறகு விளங்கப்படுத்தினார்கள். பள்ளத்தில் நின்ற தண்ணீர் மெல்ல மெல்லக் கீழே இறங்கித்தான் அந்தக் கிணற்றைக் காத்திருந்தது.

சரி, முறைப்படி போய்ச் சொல்லலாம் என்று மூன்று அலுவலகங்களின் படியேறினேன். எந்தெந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் தங்கள் கையிலிருந்த சட்டத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். முதல் இடத்தில், நிரப்பப்பட்டது நெற்காணியாகப் பதிவில் இல்லை, அதனால் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் அளவு கேட்டார்கள். இரண்டு ஏக்கர் என்றதும் அது தங்கள் வரம்புக்குள் வராது என்றார்கள். மூன்றாவது இடத்தில், காணி அரச காணியா தனியார் காணியா என்று முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் திரும்பி வந்து என் வேலையைப் பார்த்தேன். ஆனால் அந்த மூன்று பதில்களும் மனதை விட்டுப் போகவில்லை. சட்டங்களை நானே தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

படித்துப் பார்த்தால், அவர்கள் சொன்னது பிழையில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் எங்கள் பள்ளத்தில் ஒருநாளும் நெல் விளையவில்லை. அப்பா கலப்பை இறக்காமல் காத்தார் என்பதே இன்று அதைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. அடுத்தது 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். அதன் கீழ் 1993 ஆனியில் வந்த வர்த்தமானி, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புவதை முன்கூட்டியே ஆய்வு செய்து அனுமதி பெறவேண்டிய வேலைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பெரிய ஆற்றின் கரையோரம் போன்ற சில இடங்களுக்கு மட்டும் அந்த அளவு பார்க்கப்படாது. 4 ஹெக்டேயர் என்றால் கிட்டத்தட்ட 10 ஏக்கர். எங்கள் பள்ளம் முழுவதும் 12 ஏக்கர், ஆனால் அது எட்டுப் பேருடையது. ஒவ்வொருவரும் ஒன்றோ இரண்டோ ஏக்கராக நிரப்பினால், கடைசித் துண்டு மூடப்படும் நாளிலும் ஒருவர்கூட அந்த அளவைத் தாண்டியிருக்கமாட்டார்.

கடலோரத்துக்கு வேறு சட்டம், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம், இருக்கிறது. உயர்நீர் மட்டத்திலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது. கிண்ணியாவிலும் உப்பாற்றிலும் கண்டல் ஓரமாகக் காணி வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும். நாங்கள் அதற்கும் உள்ளே இருக்கிறோம். மேலே போனால் சோமாவதி தேசிய பூங்கா, சேருவில அல்லைச் சரணாலயம். அங்கே வனசீவராசிகள் சட்டம். பூங்காவுக்கும் கரையோர வலயத்துக்கும் நடுவில், கமக்காரரின் வரம்புக்குள் கிடக்கும் சிறு ஈரநிலங்கள்தான் யாருடைய கணக்கிலும் இல்லாமல் இருக்கின்றன. தம்பலகாமத்து வயல்வெளியிலும், தோப்பூர், வெருகல் பக்கமும், குச்சவெளி, திரியாய்ப் பக்கம் சிறு குளங்களின் அலைகரைகளிலும் இப்படி எத்தனை துண்டு இருக்கின்றன என்பதை உங்களில் வெளிக்கள வேலை செய்தவர்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் செய்த உடன்படிக்கையில் இலங்கை 1990இல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கை ஈரநிலம் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. இயற்கையானதோ மனிதர் செய்ததோ, நிரந்தரமானதோ சில காலம் மட்டும் நனைவதோ, நன்னீரோ உவர் நீரோ, எல்லாமே அதில் அடங்கும். ஆவணியில் வெடித்துக் கிடக்கும் எங்கள் பள்ளமும் அடங்கும். ஏன், வயலே அடங்கும். 2008இல் தென்கொரியாவில் சாங்வொன் நகரில் கூடிய ராம்சர் மாநாடு நெல்வயலையும் ஈரநிலமாகக் கொண்டு அதில் உயிரினங்களைக் காப்பது பற்றித் தனித் தீர்மானமே எடுத்திருக்கிறது. நம் நாட்டுக்கும் 2006இலிருந்து ஈரநிலங்களுக்கென்று ஒரு தேசியக் கொள்கை உண்டு. வங்காலை, குமண, வில்பத்து எல்லாம் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. நம் மாவட்டத்திலிருந்து ஒன்றும் இல்லை. நான் பட்டியலில் இடம் கேட்கவில்லை. கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் ஒரு வரி கேட்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த மடலை எழுத வைத்தது. தயவுசெய்து இதைப் பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற வருடம் எங்கள் பக்கத்தில் ஒரு கதை பரவியது. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து ஈரநிலங்களை அளக்கப் போகிறார்கள், வரைபடத்தில் வந்த காணியில் இனி யாரும் கால் வைக்க முடியாது என்று. யார் தொடக்கிய கதை என்று தெரியாது. அந்தக் கதை வந்து இரண்டு மாதத்துக்குள் எனக்குத் தெரிந்து மூன்று இடங்களில் பள்ளத்துக்குள் பெக்கோ இயந்திரம் இறங்கியது. நிரப்ப நினைக்காதவர்கள்கூட நிரப்பினார்கள். ஒருவர் தன் தென்னம்பிள்ளைகளை ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீருக்குள் நட்டார். காணி என்னுடையது, பயிர் இருக்கிறது என்று காட்டவேண்டுமாம். வரைபடம் வருமுன் மண் வந்துவிடுகிறது. சட்டம் காப்பாற்ற நினைக்கும் நிலத்தைச் சட்டத்தைப் பற்றிய பயமே அழிக்கிறது.

இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். 2006இல் மாவிலாற்றுப் பக்கம் சண்டை தொடங்கியபோது நாங்கள் சட்டிபானையோடு ஓடியவர்கள். திரும்பி வந்தபோது வயலில் ஆள் உயரத்துக்குப் புதர். வரம்பு எது, காடு எது என்று தெரியாத நிலை. புதரை வெட்டித் துப்புரவு செய்துகொண்டிருந்த ஒரு காலையில் எங்கள் கண்டத்துக்குள் எல்லைக்கல் நிற்பதைக் கண்டவர்கள் நாங்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. அந்தக் கல்லை எடுப்பிக்க என் மைத்துனர் அலைந்த அலைச்சலில் அவருடைய இரண்டு போகம் போனது. அப்புறம் 2021. வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள், கார்த்திகையில் விலக்கிக்கொண்டார்கள். இடையில் விழுந்த நட்டத்தை நாங்கள்தான் சுமந்தோம். மண்ணைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வயலில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வந்த விதி அது. இப்படி இரண்டு மூன்று அனுபவம் உள்ளவனுக்கு “ஈரநிலம்” என்ற சொல் காதில் விழுந்தால், பறிபோகப் போகிறது என்றுதான் முதலில் தோன்றும்.

ஆகவே நான் உங்களிடம் முதலாவதாகக் கேட்பது, எழுத்தில் ஓர் உறுதி. ஒரு கமக்காரர் தன் காணியில் உள்ள பள்ளத்தைத் தானே வந்து பதிவு செய்தால், அந்தப் பதிவைக் காட்டி அவருடைய உரித்தோ, அனுமதிப் பத்திரமோ, மேய்ச்சலோ, மீன் பிடிக்கும் உரிமையோ பறிக்கப்படாது என்று அரசாங்க அதிபரும் சம்பந்தப்பட்ட திணைக்களங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு தாள். அதை ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். இதற்குப் புதுச் சட்டம் தேவை என்று சொல்வீர்களானால், அதுவரைக்கும் மாவட்டக் குழுவின் தீர்மானமாகவாவது போடுங்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்தத் தாளைப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும் என்று நான் மனதார நம்புகிறேன்.

இரண்டாவது, பள்ளத்தை ஆரம்பக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரும்போகம் தொடங்குமுன் தண்ணீர் திறக்கும் நாள், விதைக்கும் நாள், மாடு அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. கமக்காரர் தாங்களே கை உயர்த்தி எடுக்கும் தீர்மானம் அது. அதனால்தான் அதை மீறியவன் ஊரில் முகம் கொடுக்க முடியாமல் நிற்கிறான். நம் கமத்தொழிலில் எனக்குத் தெரிந்து மிக உறுதியான ஒழுங்கு அதுதான். அங்கேயே கேட்கலாம்: இந்தக் கண்டத்தின் வடிகால் எந்தப் பள்ளத்தில் விழுகிறது, அது யார் யாருடைய காணி, அதன் வாய் அடைபட்டிருக்கிறதா, இந்தப் போகம் யார் துப்புரவு செய்வது? வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கவனிக்கும் வட்டவிதானைமாருக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் மனப்பாடம். ஒரு காகிதத்தில் அவர்கள் கீறிக் கொடுக்கும் படம் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைவிட எங்களுக்குப் பயன்படும். பிறகு நில அளவையாளர் வந்து அதைச் சரிபார்க்கட்டும். எட்டுப் பேருடைய துண்டையும் ஒரே பள்ளமாகப் பதிந்தால், 4 ஹெக்டேயர் என்ற அளவுக்கும் அப்போதுதான் அர்த்தம் வரும்.

மூன்றாவது கொஞ்சம் கூச்சமான விஷயம், பணம். ஒன்றரை ஏக்கரை விதைக்காமல் விட்டு வைத்திருப்பதால் போகத்துக்குப் போகம் எனக்கு இழப்பு. அதன் பலன் மேல் கண்டத்தில் இருபது பேருக்குப் போகிறது. வெள்ளம் அழித்த பயிருக்கு இழப்பீடு கொடுக்கும் முறை நாட்டில் உண்டு. வெள்ளத்தைத் தாங்கி வைத்திருப்பவனுக்கு ஒன்றும் இல்லை. பெரிய தொகை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏக்கர் வரியில் விலக்கு, விதைநெல்லில் முன்னுரிமை, பள்ளத்து வடிகாலைத் துப்புரவு செய்யும் வேலையை வெளி ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் அந்தக் காணிக்காரருக்கே கூலியோடு கொடுப்பது, இப்படி ஏதாவது. பக்கத்துக் காணிக்காரர் மகளுக்கு வீடு கட்ட நிரப்பினார் என்றேன். மேட்டில் ஒரு இருபது பேர்ச் துண்டை அவருக்குக் காட்டிக் கொடுக்க வழி இருந்திருந்தால் அவர் அந்தக் கிறவலுக்குக் காசு செலவழித்திருக்கவே மாட்டார். அதை அவரே என்னிடம் சொன்னார்.

திணைக்களங்களின் வேலைகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பள்ளத்தை நிரப்புவது தனியாள் மட்டும் அல்ல. வாய்க்காலை அகலமாக்கும்போது வெட்டிய மண்ணைக் கொட்ட இடம் தேடுகிறார்கள், கண்ணில் படுவது பள்ளம். வீதியை உயர்த்துகிறார்கள், முன்பு தண்ணீர் கடந்து போக நாலு போக்கு இருந்த இடத்தில் ஒன்று வைக்கிறார்கள். வளைந்து போன ஓடையை நேராக வெட்டிவிடுகிறார்கள், தண்ணீர் தங்காமல் ஓடிவிடுகிறது, கரையில் நின்ற மருதமரம் சரிந்து விழுகிறது. ஒவ்வொரு வேலையும் நல்ல நோக்கத்தோடுதான் நடக்கிறது. வேலை தொடங்குமுன் அந்தக் கண்டத்துக் கமக்காரர் அமைப்போடு ஒருதரம் நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கினால் போதும். அரைநாள் வேலை.

இப்போது, எங்கள் ஆட்களிடம் பேச வேண்டியதும் இருக்கிறது. அண்ணன்மாரே, தம்பிமாரே, நானாமாரே, உத்தியோகத்தர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் சும்மா இருப்பது நியாயமில்லை.

மருந்தடித்த பிறகு தாங்கியைப் பள்ளத்தில் கழுவும் பழக்கத்தை நாம் விட வேண்டும். நானும் பல வருடம் அப்படித்தான் கழுவினேன். களைநாசினி அடித்த மறுநாளே, வரம்பில் தண்ணீர் போகும் வாயான வக்கடையைத் திறந்துவிட்டால் நாம் காசு கொடுத்து வாங்கிய மருந்து பள்ளத்துக்குள் போய் மீனைக் கொல்கிறது. யூரியாவும் அப்படித்தான். போட்டுவிட்டுச் சில நாளுக்கு வக்கடையைக் கட்டி வைத்தால் பசளை பயிருக்குப் போகும். இல்லாவிட்டால் பள்ளத்தில் மிதக்கும் களையான ஆற்றுவாழைக்குப் போகும். பள்ளம் முழுக்க ஆற்றுவாழை மண்டிக் கிடக்கிறதே என்று திட்டுகிறோம், அதற்குப் பசளை போட்டு வளர்ப்பது நாம்தான்.

நான் பதினொரு வருடமாகச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். விஞ்ஞானியின் பரிசோதனை அல்ல, ஒரு காணியின் அனுபவம். வயல் வரம்புக்கும் பள்ளத்துக்கும் நடுவில் பத்தடி அகலத்துக்கு ஒன்றும் செய்யாமல் விட்டேன். பன்னும் புல்லும் தானாக வந்தன. மூன்று மருதங்கன்று மட்டும் நட்டேன். வயலிலிருந்து வடியும் தண்ணீர் அந்தப் புல்லுக்குள் தங்கி, மண்ணையும் பசளையையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறது. ஆடி, ஆவணியில் தண்ணீர் வற்றும்போது ஆற்றுவாழையை இழுத்துக் கரையில் போட்டுக் காயவைத்துத் தென்னையடியில் தாட்டேன். தண்ணீர் நிறைந்த காலத்தில் அதை இழுக்கப் போனால் முதுகு முறிந்துவிடும், காலம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. மாடுகளைத் தண்ணீர் இறங்கிய பிறகுதான் விட்டேன், மழைக்கு முன் எடுத்துவிட்டேன். முதல் மழைக்கு விராலும் பனையேறியும் வாய்க்கால் வழியே வயலுக்கு ஏறுமே, அந்த ஒரு வாரம் எங்கள் துண்டில் மீன் கூடு வைக்க யாரையும் விடவில்லை. பையன்கள் கோபித்துக்கொண்டார்கள். இப்போது மாசியில் அதே பையன்கள் தூண்டிலோடு வந்து விராலும் சுங்கானும் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான அறக்கொட்டியான் பற்றி ஒரு வார்த்தை. பூச்சியைக் கண்டவுடன் எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை அடித்தால் முதலில் சாவது அதைத் தின்னும் சிலந்தி. பிறகு அறக்கொட்டியான் முன்பைவிட அதிகமாக வரும். இதை விவசாயப் போதனாசிரியர்களும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பள்ளத்து ஓரத்துப் புல்லில் சிலந்தியும் தும்பியும் தவளையும் வருடம் முழுக்க இருக்கின்றன. அங்கிருந்துதான் அவை வயலுக்கு வருகின்றன. பள்ளத்தோடு ஒட்டிய என் வரவைகளில் (வயல் துண்டுகளில்) மருந்துச் செலவு குறைந்திருக்கிறது. தூரத்து வரவைகளில் அவ்வளவு குறையவில்லை.

நுளம்பைப் பற்றிப் பயப்படுகிறவர்களையும் நான் அறிவேன். 2017 பங்குனியில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்கள் போனதை யாரால் மறக்க முடியும்? அதன் பிறகு தேங்கிய தண்ணீரைக் கண்டாலே மூடிவிட வேண்டும் என்று சனங்கள் நினைப்பதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் டெங்கு நுளம்பு பெருகுவது வீட்டைச் சுற்றிக் கிடக்கும் சிரட்டையிலும் டயரிலும் பூச்சாடித் தட்டிலும் மூடாத தொட்டியிலும். மீனும் தவளையும் தும்பிக் குடம்பியும் இருக்கும் பள்ளம் அதற்கு ஏற்ற இடம் இல்லை. பள்ளத்தைக் குப்பை மேடாக்கி, பொலித்தீனும் போத்தலும் கொட்டினால்தான் அங்கேயும் டெங்குக்கு இடம் உண்டாகிறது.

மகாவலியைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை. 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் கடலோடு சேருகிற ஆறு அது. எங்கள் பெரியவர்கள் அதைக் கங்கை என்றுதான் சொல்வார்கள். 1976இல் போல்கொல்லவில் திசை திருப்பினார்கள், 1985இல் விக்டோரியா அணை வந்தது. மின்சாரமும் வந்தது, புதுக் காணிகளும் விளைந்தன, அதன் பலனை நாடே அனுபவிக்கிறது. ஆனால் வருடா வருடம் கரை மீறி வந்து வில்லுகளை நிறைத்துவிட்டு இறங்கும் வெள்ளத்தின் முறை மாறிப்போனது. வில்லுகளின் ஓரங்கள் காய்ந்தன. காய்ந்த ஓரம் யாருக்கும் சும்மா கிடக்கும் நிலமாகத்தான் தெரியும். மேலே வில்லில் புல் குறைந்தால் யானை கீழே வயலுக்கு இறங்கும், மாடு மேய்ப்பவர் நம் பள்ளத்துக்கு வருவார், அங்கே நமக்குள் சண்டை. இது எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்திருக்கிறது. யானை வேலியை ஒரு கூட்டத்திலும், மேய்ச்சல் தரையை இன்னொரு கூட்டத்திலும், வடிகாலை மூன்றாவது கூட்டத்திலும் பேசுவதால்தான் ஒன்றும் முடியாமல் இழுபடுகிறது என்பது என் எண்ணம். உங்கள் குழுவில்தான் எல்லாத் திணைக்களமும் ஒரே மேசையில் இருக்கிறது. அதனால்தான் தனியாக ஒரு திணைக்களத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த மேசையிலிருந்து ஒருவரை, ஒரேயொருவரை, பொறுப்பாக நியமியுங்கள். பள்ளம் நிரப்பப்படுகிறது என்று ஒரு கமக்காரர் வந்து சொன்னால் அது யாருடைய சட்டத்துக்குள் வருகிறது என்று தேடிப் பிடிக்கும் வேலை அந்த உத்தியோகத்தருடையதாக இருக்கட்டும். இன்று அந்த வேலையைச் சேறு பூசிய காலோடு நாங்கள் செய்கிறோம்.

எட்டுப் பேருடைய பள்ளத்தில் நிரப்பிய மூன்று ஏக்கர் போக மிச்சம் ஒன்பது ஏக்கர் இன்னும் இருக்கிறது. நிரப்பாத மற்ற ஐந்து பேரோடும் பேசியிருக்கிறேன். நான் முதலில் சொன்ன அந்த உறுதித் தாள் வந்தால், என்னோடு சேர்த்து நாலு பேர் தங்கள் துண்டைப் பதிய ஆயத்தம். இரண்டு பேர் யோசிக்கிறார்கள். நிரப்பிய அண்ணனும், தன் காணிக்குக் குறுக்கே ஒரு போக்கு வைத்துத் தண்ணீரை விடச் சம்மதம் என்கிறார், குழாய் வாங்கத்தான் உதவி வேண்டுமாம்.

அடுத்த பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டம் புரட்டாதியில் வரும். அதற்கு முன், ஆவணியில், பள்ளம் வற்றிக் கிடக்கும் நேரத்தில் உங்களில் சிலராவது வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்போதுதான் எல்லை தெரியும், வாய்க்கால் வாய் தெரியும், கிறவல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதும் தெரியும். காலை ஆறரைக்கு வந்தால் வெயில் ஏறுமுன் முழுவதையும் நடந்து முடிக்கலாம். வட்டவிதானை வருவார், நானும் மண்வெட்டியோடு நிற்பேன்.

இப்படிக்கு,
மூதூர்ப் பக்கத்து வெள்ளாமைக்காரன் ஒருவன்